எம்ஆர்ஆர் 2 விபத்தில் அண்ணன் தவறிவிட்டார், லோரிக் கம்பெனி கையெழுத்துக் கேட்கிறது. என்ன செய்வது?

செந்தூல்_தங்கை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். என் அண்ணன் போன மாதம் கோலாலம்பூரின் எம்ஆர்ஆர் 2 சுற்றுச் சாலையில் நடந்த விபத்தில் தவறிவிட்டார். வயது 42. காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பத்துமலையைத் தாண்டி கெப்போங் போகும் பக்கம், இடது லேனில்தான் போயிருக்கிறார். நடு லேனில் வந்த லோரி, வெளியேறும் பாதை தாண்டிவிடப் போகிறதே என்று கடைசி நேரத்தில் குறுக்கே வெட்டியிருக்கிறது. பின்னால் காரில் வந்த ஒரு சீன ஆடவர் நிறுத்தி உதவி செய்தார். அவர் காரில் டேஷ்கேம் இருக்கிறதாம், அவருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது.

வீட்டில் அண்ணி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், அம்மா. அம்மாவுக்கும் அண்ணன்தான் மாதாமாதம் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

16ஆம் நாள் காரியம் முடிந்த கையோடு லோரிக் கம்பெனியிலிருந்து ஒரு சூப்பர்வைசர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், பொய் சொல்லக்கூடாது. 5,000 வெள்ளி (ரிங்கிட்) ஒரு கவரில் கொண்டு வந்திருந்தார், கூடவே மலாயில் ஒரு கடிதம். "உதவித் தொகைதான் அக்கா, வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து" என்றார். அண்ணி அழுதுகொண்டே பேனாவைக் கையில் எடுத்துவிட்டார், நான்தான் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கடிதத்தின் நகல் எங்களிடம் இருக்கிறது.

இதற்கு முன்னாலேயே, ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே நாங்கள் உடலுக்காகக் காத்திருந்தபோது ஒருவர் வந்து கார்டு கொடுத்தார். லாயர் இல்லை, லாயருக்கு ஆள் பிடிப்பவர் போல. இப்போது காசே வேண்டாம், கேஸ் ஜெயித்தால் 30 விழுக்காடு கொடுத்தால் போதும், இந்த ஃபாரத்தில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள் என்றார். ஃபாரத்தில் பாதி இடம் காலியாக இருந்தது.

இதில் இன்னொரு குழப்பம், அண்ணனுடைய மோட்டாருக்கு ரோட்டாக்ஸ், இன்சூரன்ஸ் இரண்டும் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. அதனால் ஒரு காசும் கேட்க முடியாது, கொடுப்பதை வாங்கிக்கொண்டு விடுங்கள் என்கிறார் எங்கள் மாமா. இது உண்மையா? நான் தங்கை, என் பெயரில் கேஸ் போடலாமா? இந்த மாதிரி விஷயத்தில் அனுபவப்பட்டவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

———

ரைடர்_செலாயாங் எழுதியது:

தங்கச்சி, ஆழ்ந்த அனுதாபங்கள். அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் போகிற வழி. வெளியேறும் பாதைக்கு முன்னால் லோரிகள் மூன்றாவது லேனிலிருந்து இடப்பக்கம் பாய்வது அங்கே அன்றாடக் கூத்து. சிக்னல் போட்டால் போதும், வழி தனக்கு எழுதி வைத்தது என்ற நினைப்பு. லோரிக்காரன் உட்கார்ந்திருக்கிற உயரத்துக்கு அவன் இடப்பக்கத்தில் ஒட்டி வருகிற மோட்டார் கண்ணாடியில் தெரியவே தெரியாது, அது அவனுக்கும் தெரியும், தெரிந்தும் வெட்டுகிறான். மோட்டாருக்கென்று தனிப்பாதை லெபுராயா பெர்செகுத்துவானில், அதாவது ஃபெடரல் ஹைவேயில், 1970களிலேயே போட்டார்கள், அதற்குப் பிறகு நகரத்துக்குள் எத்தனை சாலை வந்தது, எத்தனையில் அது இருக்கிறது? மழை வந்தால் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குகிறோம், அங்கேயும் வந்து இடிக்கிறான். இந்த நாட்டில் 2016-இல் சாலையில் செத்தவர்கள் 7,152 பேர், 2019-இல் 6,167 பேர், அதில் பாதிக்கும் மேல் நம்மை மாதிரி மோட்டார்காரர்கள். பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி வரும், அவ்வளவுதான்.

சரி, கோபத்தை விடுகிறேன். அந்த டேஷ்கேம் காரரிடம் இன்றைக்கே பேசுங்கள். மெமரி கார்டு நிறைந்தால் பழைய வீடியோவின் மேல் புதிது ஏறிவிடும், ஒரு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள், அவர் தனியாக எடுத்து வைத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி அசல் ஃபைலாகவே ஒரு பென்டிரைவில் வாங்குங்கள். பக்கத்தில் பெட்ரோல் ஸ்டேஷனோ வொர்க்‌ஷாப்போ இருந்தால் அவர்களிடமும் கேமரா பதிவு கேட்டுப் பாருங்கள், ஆனால் அது இந்நேரம் அழிந்திருக்க வாய்ப்பு அதிகம். விபத்தை எடுத்து டிக்டாக்கில் போட்டவன் எவனாவது இருந்தால் அவனைத் திட்டுவதற்கு முன் ஒரு காப்பி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஆசை தீரத் திட்டலாம்.

———

பழைய_கிராணி எழுதியது:

அம்மா, நான் லாயர் இல்லை. கோலாலம்பூரில் விபத்து வழக்குகள் பார்க்கும் ஆபீஸில் கிராணியாக (குமாஸ்தாவாக) நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கடைசி வார்த்தை உங்கள் லாயர் சொல்வதுதான்.

முதலில் அந்தக் கடிதம். அதில் 'பென்யெலெசாயான் பெனுஹ் டான் முக்தாமாட்' என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். முழுமையான, இறுதியான தீர்வு என்று அர்த்தம். அந்தச் சொற்களோ, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்கிற வாசகமோ இருந்தால் அது 'உதவித் தொகை வாங்கியதற்கு' கையெழுத்து இல்லை, அண்ணியின் உரிமையை 5,000 வெள்ளிக்கு எழுதி வாங்கும் வேலை. மனிதாபிமானத்தில் கொடுக்கிற பணத்துக்கு எதற்கு ஒரு பக்கம் டைப் அடித்த கடிதம்? இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், வயது வராத பிள்ளைகளின் சார்பில் செய்கிற சமரசத்துக்குக் கோர்ட்டின் ஒப்புதல் வேண்டும். ஆகவே அண்ணி கையெழுத்துப் போட்டாலும் பிள்ளைகளின் பங்கு அதோடு போய்விடாது. அதற்காகப் போடச் சொல்லவில்லை, போட்டால் பிரிக்கிற வேலை பெரிது.

மாமா சொல்வது தவறு. உங்கள் அண்ணன் மோட்டாரின் இன்சூரன்ஸ் முடிந்திருப்பது வேறு கதை. நீங்கள் கேட்கப் போவது லோரியின் இன்சூரன்ஸிடம். சாலையில் ஓடும் எந்த வாகனத்துக்கும் மூன்றாம் நபரின் உயிருக்கும் காயத்துக்கும் காப்புறுதி இருக்க வேண்டும் என்பது 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம். ரோட்டாக்ஸ் இல்லாமல் ஓட்டியது ஒரு சம்மன் குற்றம், அதனால் லோரி குறுக்கே வந்தது சரியாகிவிடாது. கோர்ட் பார்ப்பது இடித்ததற்கு யார் காரணம் என்பதைத்தான். அண்ணன் பேரிலும் ஏதாவது கவனக்குறைவு இருந்தது என்று நிரூபித்தால் அந்த அளவுக்குத் தொகையைக் குறைப்பார்கள், உதாரணத்துக்கு 20 விழுக்காடு. டேஷ்கேம் அங்கேதான் உயிரைக் காக்கும்.

யார் கேட்கலாம் என்றால், 1956 சிவில் சட்டத்தின் 7ஆவது பிரிவுப்படி மனைவி அல்லது கணவன், பெற்றோர், பிள்ளைகள். தங்கை வரமாட்டார், வருத்தப்படாதீர்கள், நீங்கள் ஓடியாடி வேலை பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. அம்மா வருவார்.

தொகை எப்படி வரும் என்று தோராயமாகச் சொல்கிறேன். 2019 செப்டம்பர் 1-இல் சட்டம் மாறியது. அதற்கு முன் துயர இழப்புக்கு, அதாவது அவரைப் பிரிந்த துயரத்துக்கு, 10,000 வெள்ளிதான், இப்போது 30,000. அது தனி. பிறகு குடும்பத்துக்கு அவர் மாதம் கொடுத்துவந்த பணம். இறந்தவருக்கு 30 வயதுக்கு மேல் என்றால் 60-இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 42 வயதுக்கு 9 வருடம். தன் சொந்தச் செலவு போக மாதம் 1,800 வெள்ளி வீட்டுக்குக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள், 1,800 பெருக்கல் 12 பெருக்கல் 9, அதாவது 194,400 வெள்ளி. இதோடு ஈமச் செலவு. இப்போது அந்த 5,000 வெள்ளிக் கவரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த சூப்பர்வைசருக்குக் கணக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா?

அதனால் சம்பளச் சீட்டு, பேங்க் புத்தகம், ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை, அம்மாவுக்கு அனுப்பிய பணத்தின் பதிவு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். அம்மாவுக்குக் கையில் கொடுத்துவந்தார் என்றால் அம்மாவே சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். இரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள், எரியூட்டிய இடத்தின் இரசீது, பூச்செலவு, சாப்பாடு உட்பட. போலீஸில் விசாரணை அதிகாரியின் பெயரையும் ரிப்போர்ட் நம்பரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். லோரி டிரைவர் கொடுத்த ரிப்போர்ட், விபத்து இடத்தின் வரைபடம், படங்கள், லோரியின் இன்சூரன்ஸ் விவரம், இதெல்லாம் கட்டணம் கட்டினால் கிடைக்கும். பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கு ஆஸ்பத்திரியில் தனியாக விண்ணப்பம்.

கால வரம்பு: இறந்த நாளிலிருந்து 3 வருடம். காயம்பட்டவர் போடுகிற வழக்குக்கு 6 வருடம் என்று சிலர் சொல்வார்கள், அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்து கோட்டைவிட்ட குடும்பங்களை நான் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41ஆவது பிரிவில், அதாவது ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்ததாக டிரைவர் மேல் வழக்குப் போட்டால் அவருக்கு 5 முதல் 10 வருடம் சிறை, 20,000 முதல் 50,000 வெள்ளி அபராதம். ஆனால் அது அரசாங்கம் நடத்துகிற வழக்கு, அந்த அபராதத்தில் ஒரு காசு உங்களுக்கு வராது. போலீஸ் கேஸ் முடியட்டும் என்று சிவில் வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள். போலீஸ் 'மேல் நடவடிக்கை இல்லை' என்று ஃபைலை மூடினாலும் சிவில் கதவு திறந்துதான் இருக்கிறது.

பிணவறை வாசல் ஆசாமியைப் பற்றி அடுத்து எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

———

எதார்த்தம்_பேசுவோம் எழுதியது:

எல்லாரும் ஏற்றிவிடுவது சுலபம். கேஸ் போட்டால் வருடக் கணக்கில் இழுக்கும், லாயர் பாதியைத் தின்பான், அந்த அண்ணி பிள்ளைகளை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு அலைய வேண்டும். என் சித்தப்பா கேஸில் கடைசியில் கைக்கு வந்தது என்ன என்று எங்களுக்குத்தான் தெரியும். கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பதும் ஒரு வழிதான்.

———

ஜெலுத்தோங்_கலா எழுதியது:

எதார்த்தம் அண்ணே, நிம்மதி 5,000 வெள்ளிக்குக் கிடைக்கும் என்றால் நானும் வாங்கியிருப்பேன்.

பினாங்கில் எங்கள் அம்மாவைப் பாசாருக்குப் போய்விட்டு வரும்போது ஒரு கார் இடித்தது. மஞ்சள் கோடு போட்ட இடத்தில்தான் கடந்தார். அம்மா பிழைத்துவிட்டார், ஆனால் இடுப்பெலும்பு. அந்தக் காருக்கு இன்சூரன்ஸே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. எல்லாரும் உங்கள் மாமா சொன்ன மாதிரியே சொன்னார்கள், ஒன்றும் கிடைக்காது, கடவுள் விட்ட வழி என்று. லாயர்தான் மோட்டார் இன்சூரன்ஸ் பீரோ என்று ஒன்று இருப்பதைச் சொன்னார், இன்சூரன்ஸ் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பது, இன்சூரன்ஸ் இல்லாத வாகனம் இடித்தால் அங்கே போகலாம். இடித்துவிட்டு ஓடிப்போனவனைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் விண்ணப்பம் கொடுத்துப் பார்க்கலாம், அது அவர்கள் மனது வைத்துக் கொடுப்பது, உரிமை என்று சொல்ல முடியாது. எங்களுக்கு நேரம் எடுத்தது, ஆனால் வந்தது. அம்மா கோர்ட்டுக்குப் போனது சாட்சி சொல்வதற்கு மட்டும்தான், மற்ற நாளெல்லாம் லாயர் பார்த்துக்கொண்டார். விசாரணைக்குக் கொஞ்சம் முன்னால்தான் எதிர்த்தரப்பு விலை பேசவே வரும், அதுவரை அவர்கள் அசைய மாட்டார்கள்.

தங்கச்சி, ஒன்று கேட்கிறேன், அண்ணன் வேலைக்குப் போகும் வழியில் என்றீர்களே, சொக்சோவுக்கு, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு, எழுதிக் கொடுத்தாயிற்றா? அதை யாருமே சொல்லவில்லையே.

———

பழைய_கிராணி எழுதியது:

கலா சரியான இடத்தில் பிடித்தார். முதலில் எதார்த்தத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

இழுக்கும் என்பது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் விபத்து வழக்குகள் எவ்வளவு பெரிய தொகையானாலும் செஷன்ஸ் கோர்ட்டிலேயே போடலாம், ஹைகோர்ட் வரை தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. 'லாயர் பாதியைத் தின்பான்' என்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பிணவறை வாசல் ஆசாமிகள்தான். ஜெயித்தால் இத்தனை விழுக்காடு என்று லாயர் ஒப்பந்தம் போடுவது இந்த நாட்டில் 1976 வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆவது பிரிவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அந்த 30 விழுக்காட்டில் ஒரு பகுதி தரகருக்கு. டோவிங் லோரிக்காரனிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை ஆள் வைத்திருப்பார்கள், செத்த வீட்டில் பந்தல் போடுகிறவனுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். காலி ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி அதை ஆபீஸ் ஆபீஸாக விற்பவனும் உண்டு. பிறகு உங்கள் லாயர் யார் என்று உங்களுக்கே தெரியாது.

லாயரை நீங்களே நேரில் போய்ப் பார்த்து நியமியுங்கள். அவருக்குத் தொழில் நடத்த உரிமம் இருக்கிறதா என்று வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பக்கத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். முடிவில் பணம் லாயர் ஆபீஸின் கணக்குக்குத்தான் வரும், அப்போது எவ்வளவு வந்தது, எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று பில் கேட்பது உங்கள் உரிமை, கேட்கக் கூச்சப்படாதீர்கள். வசதி இல்லை என்றால் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறைக்கும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கும் போய் நிலைமையைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். எதார்த்தம் தம்பி, உங்கள் சித்தப்பா கேஸில் பில் கொடுத்தார்களா?

இப்போது சொக்சோ. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து வேலை விபத்தாகவே கணக்கு. அண்ணனின் முதலாளி, தகவல் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டிருந்தால் நீங்களே போய்க் கொடுங்கள். இது கேஸ் மாதிரி இழுபறி இல்லை, யார் தப்பு என்ற கேள்வியே இல்லை. மாதாமாதம் வரும், ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பிள்ளைகளுக்கு 21 வயது வரை. ஈமச் செலவுக்கும் ஒரு தொகை உண்டு. மனைவி பிள்ளைகள் இருப்பதால் அம்மாவுக்கு இதில் வராது, ஆகவே சிவில் வழக்கில் அம்மா பெயரை மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள். சொக்சோ வாங்கினால் லோரி மேல் கேஸ் போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஈபிஎஃப்பிலும் அவருடைய சேமிப்பு போக, இறப்பு உதவி என்று 2,500 வெள்ளி உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.

———

செந்தூல்_தங்கை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டேஷ்கேம் காரரிடம் பேசிவிட்டேன், அவர் அன்றைக்கே தனியாக எடுத்து வைத்துவிட்டாராம், நல்ல மனிதர், சாட்சி சொல்லவும் வருகிறேன் என்கிறார். கடிதத்தில் நீங்கள் சொன்ன அந்த வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன, இரண்டாவது பத்தியில்.

மூன்று கேள்வி. அண்ணன் போகிற வழியில் பெட்ரோல் போட நிறுத்தியிருக்கிறார், இரசீது அவர் பையில் இருந்தது. வேறு எங்கேயும் நிறுத்தவில்லை என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சொக்சோ கிடைக்காது என்று ஒருவர் பயமுறுத்துகிறார். இரண்டாவது, அண்ணனுக்கும் அண்ணிக்கும் கோயிலில் கல்யாணம் நடந்தது, பதிவும் செய்தார்கள் என்று அம்மா சொல்கிறார், ஆனால் சான்றிதழ் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவது, மோட்டார் போலீஸில் இருக்கிறது, பழைய இரும்புக்காரன் ஒருவன் எடுத்துக்கொள்கிறேன் என்கிறான், கொடுத்துவிடலாமா?

———

பழைய_கிராணி எழுதியது:

பெட்ரோல் விஷயத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சட்டம் பார்ப்பது சொந்த வேலைக்காகப் பாதை மாறினாரா, பயணத்தை இடையில் விட்டாரா, விபத்து அந்த நேரத்தில் நடந்ததா என்பதை. பெட்ரோல் ஸ்டேஷன் அதே வழியில் இருந்து, நிறுத்தி ஊற்றிவிட்டு மறுபடி கிளம்பிய பிறகு நடந்த விபத்து என்றால் நான் பயப்பட மாட்டேன். இரசீதில் நேரம் இருக்கும், அது உங்களுக்குத்தான் உதவி. மறைத்துவிட்டுப் பிறகு கேமராவில் தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள். வீட்டிலிருந்து வேலையிடம் வரை வழக்கமாகப் போகிற வழியை ஒரு மேப்பில் வரைந்து, ஸ்டேஷனையும் விபத்து நடந்த இடத்தையும் குறித்துக் கொடுங்கள்.

சான்றிதழைத் தேடிக்கொண்டே இருக்காதீர்கள், இரண்டு பேருடைய ஐசி (அடையாள அட்டை) நம்பரோடு தேசியப் பதிவிலாகாவுக்குப் போனால் பதிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும், சான்று எடுத்துக்கொள்ளலாம். இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். பதிவு கட்டாயமான 1982 மார்ச்சுக்குப் பிறகும் கோயிலில் தாலி கட்டியதோடு விட்ட குடும்பங்கள் நம் ஆட்களில் நிறைய. எதிர்த்தரப்பு லாயர் முதலில் அதைத்தான் கேட்பார், பதிவு இல்லாத மனைவிக்கு அங்கே பெரிய சிக்கல். அப்படியே இருந்தாலும் பிள்ளைகளின் உரிமை போகாது, சட்டம் அவர்களைப் பிள்ளைகளாகவே கணக்கில் எடுக்கிறது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் அண்ணன் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மோட்டாரை இரும்புக்காரனுக்குக் கொடுக்க வேண்டாம். எங்கே அடிபட்டது என்று அதில் தெரிகிறது, பின்பக்கமா வலப்பக்கமா என்பதிலேயே பாதி வாதம் நடக்கும். அதிகாரியிடம் அனுமதி கேட்டு எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், வலப்பக்கக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், கண்ணாடி எல்லாம் தெரிகிற மாதிரி. ஹெல்மெட்டையும் எடுத்து வையுங்கள், கழுவ வேண்டாம். லாயர் நியமித்த பிறகு அவர் விடலாம் என்று சொன்னால் விடுங்கள். கடிதத்தை இங்கே படமாகப் போடாதீர்கள், அதில் பெயர், ஐசி நம்பர் எல்லாம் இருக்கும். நேரே லாயரிடம் கொண்டு போங்கள், அதற்குள் சூப்பர்வைசர் மறுபடி வந்தால் "எங்கள் லாயர் பேசுவார்" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.